ரிங்கா, ரீபோரா, வேறு இன்ஜினா? ஒரு பழைய டர்போ ஆக்டேவியாவின் கணக்கு

இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது ஆயில் கொட்டவில்லை; தார் மாதிரி மெல்ல இறங்கியது. ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால்வாசி அடைப்பு. விரல் நகத்தால் சுரண்டினேன். கரித்துணுக்குகள் டிகாக்‌ஷன் வண்டல் போல நகத்துக்குள் ஏறிக்கொண்டன. இந்த இன்ஜின் எதனால் செத்தது என்பது அந்த வலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை எப்படி எழுப்புவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது, டர்போ என்றாலே டீசல் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். 1,781 சிசி பெட்ரோல் இன்ஜினில் டர்போ வைத்து 150 குதிரைத்திறன், 1,750 ஆர்பிஎம்மிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவை. ஐரோப்பாவில் அதே பெயரில் விற்ற வண்டிக்கு 180 குதிரைத்திறன். இதே குடும்பத்து இன்ஜின் ஆடி டிடியில் 225, டிடி குவாட்ரோ ஸ்போர்ட்டில் 240 குதிரைத்திறன் வரை கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. ஒழுங்காக ஆயில் மாற்றினால் லேசில் சாகாத ஜாதி. என்னுடையதற்கு முன் வைத்திருந்தவர் லாரிக்கு ஊற்றும் கெட்டியான மினரல் ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். வாங்கும்போதே அது தெரியும். விலை அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது.

கோவையில் நான் கேட்டுப் பார்த்த வரையில் நான்கு வழி சொன்னார்கள். மெக்கானிக் சொன்னது: "ரிங், பேரிங் போட்டு, ஹெட் வேலை பார்த்து ஏத்திரலாம் சார்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம். லேத் பட்டறை அண்ணன் சொன்னது முழு வேலை, அதாவது ரீபோர் (சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது) செய்து அதற்கேற்ற புது பிஸ்டன். நண்பன் ஒருவன், சென்னை புதுப்பேட்டையில் ஓடின இன்ஜின் ஒன்று எடுத்து அப்படியே மாட்டிவிடச் சொன்னான். தம்பியின் கூட்டாளிகளுக்கு இந்த மூன்றுமே பிடிக்கவில்லை. "அண்ணா, லாரா இன்ஜினைத் தூக்கி வைங்கண்ணா, 1.8 டிஎஸ்ஐ, வேற லெவல்" என்றார்கள். லாரா என்பது அடுத்த தலைமுறை ஆக்டேவியாவுக்கு இங்கே வைத்த பெயர்.

ரூபாயில் கணக்குச் சொல்வதில் பிரயோஜனமில்லை; இந்த வண்டியின் சாமான்கள் இன்று ஒரு விலை, அடுத்த மாதம் வேறு விலை. பங்கு வைத்துச் சொல்கிறேன். ரிங் வேலைக்கு ஆவதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் முழு வேலை மூன்று பங்கு, ஓடின இன்ஜின் இரண்டு பங்கு, டிஎஸ்ஐ மாற்றம் ஆறில் தொடங்கி எங்கே முடியும் என்று யாரும் சொல்லாத ஒரு பங்கு.

அளக்காமல் பேசினால் எல்லாம் ஊகம்

இன்ஜினை இறக்குவதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் பிடிக்கும் அழுத்தம், பார்த்தோம். இந்த இன்ஜினுக்கு 7 பார் என்பது தேய்மான எல்லை. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசமும் வரக் கூடாது. எனக்கு வந்தவை 10, 9.5, 6, 9. மூன்றாவதில் ப்ளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம், 8.5-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வ் பக்கமோ கேஸ்கட் பக்கமோ பார்க்கவேண்டும். அஞ்சு நிமிஷ வேலை. "ஹெட் வேலை மட்டும் பார்த்தால் போதும்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

பிறகு பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். டிராக்டர், மோட்டார் பம்ப், பழைய அம்பாசடர் என்று ஆயிரக்கணக்கில் போர் போட்ட கை. போர் கேஜை நுழைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு, ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்த தகரத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். சிலிண்டர் துளைக்கு (போர்) கம்பெனி அளவு 81.01 மி.மீ.; அதிலிருந்து 0.08 வரை விலகல் அனுமதி. ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் 81.05, 81.06-க்குள் நின்றன. மூன்றாவது சிலிண்டரில், மேல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, 81.12. அண்ணன் கேஜை வெளியே எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே 81.12.

"ஏனுங் தம்பி, இதுல புது ரிங்கு போட்டா என்னங் ஆகும்? மேலே ஓட்டை, கீழே இறுக்கம். பத்தாயிரம் கிலோமீட்டர்ல திரும்ப இங்கயேதான் வருவீங்க."

என் முடிவில் பாதி அந்த எண்ணிலேயே வந்துவிட்டது. அது 81.06 ஆக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி போயிருக்கும்.

ரிங் மட்டும்

ரிங் வேலையை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். போர் எல்லைக்குள் இருந்து, வட்டம் கெடாமல் இருந்து, பழைய ஹோனிங் கோடுகள் (ஆயில் தங்கச் சுவரில் போட்ட மெல்லிய கீறல்கள்) இன்னும் தெரிந்தால், லேசாக ஒரு ஹோன் கொடுத்து ஸ்டாண்டர்ட் சைஸ் ரிங், புது ராட் பேரிங், மெயின் பேரிங் போட்டு மூடுவதுதான் புத்திசாலித்தனம். பழைய பிஸ்டன், பழைய பிளாக், தேவையில்லாத உலோகத்தைச் சீவவில்லை. செலவு ஒரு பங்கு. இரண்டு வாரத்தில் வண்டி வீட்டில்.

ஆனால் ரிங் வேலை என்ற பெயரில் நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இது இல்லை. இன்ஜினை வண்டியிலேயே வைத்துவிட்டு, மேலே ஹெட்டையும் கீழே சம்ப்பையும் கழற்றி, எமரித்தாளால் சிலிண்டரைத் தேய்த்து, ரிங் மாற்றி மூடுவார்கள். கிராங்கை வெளியே எடுக்கமாட்டார்கள். என் இன்ஜினில் இரண்டாவது ராட் பேரிங்கில் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. ஆயில் பட்டினி கிடந்த இன்ஜினில் அது எதிர்பார்க்கவேண்டியதுதான். மெயின் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் மூடியிருந்தால், மேலே புது ரிங்கோடு கம்ப்ரஷன் ஏறி, அந்த அழுத்தம் முழுக்கக் கீழே தேய்ந்த பேரிங்கின் தலையில் விழுந்திருக்கும்.

ஹெட்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இதில் இருபது வால்வு: சிலிண்டருக்கு உள்ளே விட மூன்று, வெளியே தள்ள இரண்டு. எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் அடைத்திருக்கும். வால்வ் கிரைண்டிங் மெஷினில் கொடுக்கும் வேலை இதற்கு ஆகாது. பேஸ்ட் போட்டுக் கையால் உட்கார வைக்கலாம். அதற்கும் சரிப்படாவிட்டால் புதுசு. பழையதை அறுத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்கள்.

ஓடின இன்ஜின்

புதுப்பேட்டைக்குப் போய்ப் பார்க்காமல் இல்லை. டெல்லியில் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, உடைக்கப்படும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை, இன்ஜின்களும் நாடு முழுக்கச் சுற்றுகின்றன. எனக்குக் காட்டியது ஒரு 1.8 டர்போ. மேலே துடைத்துப் பளபளவென்று இருந்தது. பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவதாகச் சொன்னார்கள். "சம்ப்பைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் திறந்தா கேரண்டி போயிடும் சார்" என்றார் கடைக்காரர். என்ன கேரண்டி என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை விட்டேன். என் இன்ஜினில் பார்த்த அதே வண்டல். டர்போ வாயில் கைவிட்டு ஷாஃப்டை ஆட்டினால் நன்றாகவே ஆடியது. இரண்டு பங்கு செலவு செய்து என் வியாதியையே வேறொரு வண்டியிலிருந்து வாங்கிவரும் திட்டம்.

நல்ல இன்ஜின் கிடைக்காது என்று சொல்லவில்லை. பின்பக்கம் அடிபட்ட வண்டியிலிருந்து, வரலாறு தெரிந்த இன்ஜின் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டு சிக்கல் அப்போதும் இருக்கும். முதலாவது, 1.8 டர்போ என்ற ஒரே பெயரில் பல இன்ஜின்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் வந்தவற்றில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள். பின்னால் வந்தவற்றில் எலக்ட்ரானிக் த்ராட்டில். ஹெட்டின் இன்டேக் துவார அளவே மாறும், சென்சார்களும் ஒயரிங்கும் மாறும். பிளாக்கில் பொறித்திருக்கும் மூன்றெழுத்துக் குறி உங்கள் வண்டியுடையதோடு ஒத்துப்போகாவிட்டால், மாட்டியபின் ஒவ்வொரு கனெக்டராகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் ஆர்சி புத்தகம். இன்ஜின் எண் பிளாக்கில் இருக்கிறது. பிளாக் மாறினால் எண் மாறும். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின் என்றாலும் ஆர்டிஓவில் ஒப்புதல் வாங்கி ஆர்சியில் ஏற்றவேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கணக்கும் பில்லும் வேண்டும். 2005 வண்டிக்கு 15 வருஷம் முடிந்து 2020-ல் ஒரு புதுப்பித்தல், அதன்பின் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்ப்பார். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் பில் அங்கே செல்லாது. பழைய வண்டிக்காரர்கள் இதை ஒரு செலவாக எழுதுவதே இல்லை. என் கணக்கில் இதுதான் ஓடின இன்ஜினின் மூன்றாவது பங்கு.

லாரா இன்ஜின்

தம்பிமார்களின் யோசனையைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். 1.8 டிஎஸ்ஐ நல்ல இன்ஜின், மறுக்கவில்லை. 160 குதிரைத்திறன், 1,500 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர். ஆனால் அது வேறு குடும்பம். போர் 82.5, ஸ்ட்ரோக் 84.1, டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் ஹைபிரஷர் பம்ப் உண்டு. அதற்குத் தகுந்த டேங்க் பம்ப், ஒயரிங், இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி), இம்மொபிலைசர், இன்ஜின் மவுண்ட் எல்லாம் வேண்டும். டேஷ்போர்டு பேசும் பாஷையே வேறு. அந்த இன்ஜினின் முந்தைய தலைமுறைகளுக்குச் செயின் டென்ஷனர், ஆயில் குடிக்கும் பிஸ்டன் ரிங் என்று சொந்த வியாதிகளும் உண்டு. ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு மாற்றாக ஆயில் குடிக்க வாய்ப்புள்ள இன்னொன்று.

இதையெல்லாம் தாண்டினாலும் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் வேறு கதை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்வரும் ஆசை இருந்தால் செய்யுங்கள். நான் சனிக்கிழமை காலையில் வால்பாறை ஏறவேண்டியவன். நம்பர் பிளேட் வேண்டும்.

முழு வேலை: எதை வாங்குவது, எதை விடுவது

மிஞ்சியது ரீபோர். ஆனால் ரீபோர் என்று முடிவு எடுத்துவிட்டால் கதை முடியாது, உள்ளே இன்னும் மூன்று நான்கு கிளை பிரியும். பெரும்பாலான காசு வீணாவது இங்கேதான்.

முதல் கிளை ஸ்லீவ், அதாவது துளைக்குள் இறக்கும் இரும்புக் குழல். போர் தேய்ந்த பிளாக்கைப் பார்த்தாலே நம் ஊர்ப் பட்டறைகளில் முதல் வார்த்தை, "ஸ்லீவ் அடிச்சிரலாம், திரும்ப ஸ்டாண்டர்ட் ஆயிடும்." மோட்டார் பம்புக்கும் பழைய டீசலுக்கும் அது சரியான வழி. இந்த பிளாக்கில் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 88 மி.மீ. போர் 81. இரண்டு துளைகளுக்கும் நடுவே மிச்சம் 7 மி.மீ. இரும்புதான். 2 மி.மீ. கனத்தில் ஸ்லீவ் இறக்க இரு பக்கமும் சீவினால், அசல் சுவர் 3 மி.மீ. ஆகிவிடும். டர்போ அழுத்தம் வாங்கும் இன்ஜினில், ஹெட் கேஸ்கட் உட்காரும் அந்தக் குறுகிய பாலத்தில், எனக்கு அந்த 3 மி.மீ. மேல் நம்பிக்கை இல்லை. அண்ணனிடம் தகரத்தில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாங்" என்றார். அதோடு சரி.

இதே கணக்குதான் "83-க்குப் போர் போட்டு, 92.8 ஸ்ட்ரோக் கிராங்க் வைத்து இரண்டு லிட்டராக்கலாம்" என்ற ஆசைக்கும். கணக்குப் போட்டால் 2,008 சிசி வரும், செய்தவர்கள் உண்டு, ஓடுகிறது. ஆனால் இனி ஒரு தடவை ரீபோர் செய்ய இரும்பு மிஞ்சாது. எனக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் ஓவர்சைஸ் போதும்: 81.51. அரை மி.மீ. 1,781 சிசி 1,803 ஆகும், யாருக்கும் தெரியாது. பிளாக் எண் மாறாது.

இரண்டாவது கிளையில்தான் நான் மற்றவர்களோடு சண்டை போடுவேன்: பிஸ்டனா, ராடா?

இன்ஜின் கட்டுகிறேன் என்றதும் எல்லோருக்கும் ஃபோர்ஜ்ட் பிஸ்டன் (வார்க்காமல் அடித்து உருவாக்கியது) மேல் கண். இந்த இன்ஜினில் முதலில் தோற்பது பிஸ்டன் இல்லை, அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். 150 குதிரைத்திறனுக்குச் செய்த மெலிந்த ராட். இதில் ரீமேப் (இசியூவின் ப்ரோக்ராமை மாற்றுவது) போட்டுக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றி இழுவையைத் தூக்கினால் ராட் வளையும். 350 நியூட்டன் மீட்டர் பக்கம் போனால் அசல் ராடோடு போகக் கூடாது என்பது இந்த இன்ஜினைக் கட்டுகிறவர்களின் பொதுவான வழக்கு. வளைவது அதிக ஆர்பிஎம்மால் அல்ல, 2,500, 3,000-த்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும் மிதியால். அசல் வார்ப்புப் பிஸ்டன் அதைவிட நன்றாகவே தாங்கும்.

ஃபோர்ஜ்ட் பிஸ்டனுக்கு இன்னொரு விலையும் உண்டு. சூட்டில் அதிகம் விரியும் உலோகம் என்பதால் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூடுதலாக விடவேண்டும். கம்பெனிப் பிஸ்டனுக்கு 0.045 மி.மீ.; ஃபோர்ஜ்ட் வகைகளுக்குப் பெரும்பாலும் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை டக்டக் என்று தட்டும். வாரத்தில் நாலு நாள் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போகும் வண்டிக்கு, தினமும் குளிரில் தட்டும் பிஸ்டன் எதற்கு?

அதனால் என் பட்டியல்: 81.51 அளவில் ஜெர்மன் தயாரிப்பு வார்ப்புப் பிஸ்டன், ஃபோர்ஜ்ட் எச்-பீம் ராட். பிஸ்டனில் மிச்சம் பிடித்த காசு அப்படியே ராடுக்கு. முழு வேலையின் மூன்று பங்கு நாலேகால் ஆனது. இப்போதைக்கு வண்டி 150 குதிரைத்திறனில்தான் ஓடப்போகிறது என்றால் ராட் எதற்கு என்று கேட்பீர்கள். அசல் ராடே போதும், உண்மை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். இன்ஜின் நன்றாக ஓடினால் ஒரு வருஷத்தில் ரீமேப் போடுவேன். அன்றைக்கு ராடுக்காக மறுபடி இன்ஜினை இறக்கினால், கேஸ்கட் செட், ஹெட் போல்ட், ராட் போல்ட் எல்லாம் இரண்டாவது தடவை. இந்த போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகை, கழற்றினால் திரும்பப் பயன்படாது. ரீமேப் பக்கமே போகமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் நீங்கள் என்றால் அசல் ராடை அளந்து, நேராக இருந்தால் அதையே போடுங்கள்.

இதில் நானும் ஒரு தடவை ஏமாந்தேன். ராட் வாங்கும்போது நீளம் 144 மி.மீ. என்று பார்த்தேனே தவிர, மேல் முனையில் பிஸ்டன் பின் நுழையும் துளையைப் பார்க்கவில்லை. முந்தைய இன்ஜின்களில் 20 மி.மீ. பின், பிந்தையவற்றில் 19. வந்தது 20-க்கு, என் பிஸ்டன் பின் 19. பெட்டியைத் திறந்து பின்னை நுழைத்தால் கடகடவென்று ஆடுகிறது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார், பெட்டி திறந்தாயிற்றாம். கடைசியில் 20 மி.மீ. பின் தேவைப்பட்ட இன்னொரு வண்டிக்காரருக்கு நஷ்டத்தில் கொடுத்தேன். வெர்னியர் கையிலேயே இருந்தது, ஒரு நிமிஷம் அளந்திருந்தால் போதும்.

மூன்றாவது கிளை போர் போடும் விதம். ஹெட்டை போல்ட் போட்டு இறுக்கியதும் சிலிண்டர் மேல் பகுதி நூலளவு வட்டம் கெடும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாக நடுவே துளையிட்ட கனமான இரும்புத் தட்டை அதே இறுக்கத்தில் மாட்டி, அதற்குப் பிறகு கடைசி ஹோனிங் செய்யவேண்டும். இது நம் பட்டறைகளில் வழக்கமில்லை. ஆனால் கோவையில் ஒரு வசதி உண்டு: ஐம்பது மி.மீ. தட்டை வெட்டித் துளையிட்டுத் தர நாலு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பழைய ஹெட் கேஸ்கட்டை மாதிரியாகக் கொடுத்தேன், தட்டு வந்துவிட்டது. அண்ணன் முதலில் சிரித்தார். தட்டை மாட்டி அளந்துவிட்டு, கழற்றி அளந்தபோது கேஜ் முள் கொஞ்சம் நகர்ந்தது. சிரிப்பு நின்றது. "இதை இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?" என்றார். விட்டுவிட்டேன்.

போருக்கு அனுப்பும் முன் பிளாக்கின் அடியில் இருக்கும் நான்கு சின்ன ஆயில் ஜெட்டுகளைக் கழற்றிவிடுங்கள். பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயில் பீய்ச்சிக் குளிரவைப்பவை அவை. உள்ளே இரும்புத் தூள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாது. திரும்ப மாட்டியபின் புது ராடோடு கிராங்கைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எச்-பீம் ராடின் தோள் ஜெட்டில் உரசுகிறதா என்று.

டர்போவும் ஆயிலும்

டர்போவில் பெரிய யோசனை எதுவும் செய்யவில்லை. அசல் கே03 சின்ன டர்போ. கீழேயே பிடிக்கும், மேலே மூச்சுத் திணறும். ஊருக்குள்ளும் மலையிலும் ஓடும் வண்டிக்குக் கீழே பிடிப்பதுதான் வேண்டும். பெரிய டர்போ வைத்தால் இன்ஜெக்டர், இன்டர்கூலர், கிளட்ச் என்று வரிசையாக ஆளுக்கொன்று கேட்கும். பழைய கூட்டில் புது கார்ட்ரிட்ஜ் (சுழலும் உள்பாகம்) மாற்றிப் பேலன்ஸ் செய்தது போதும்.

ஆனால் அதற்குப் போகும் ஆயில் குழாயை மட்டும் சுத்தம் செய்து மாட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் மெல்லிய குழாய் அது. வண்டியை நிறுத்தியதும் அந்தச் சூட்டில் உள்ளே தங்கிய ஆயில் வெந்து கரியாகும். கம்பி விட்டுக் குத்தினால் ஒளி தெரியும், கரி சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். முதல் நூறு கிலோமீட்டரில் பெயர்ந்து புது டர்போவுக்குள் போகும். புதுக் குழாய், புது ஸ்ட்ரெய்னர், புது ஆயில் பம்ப், அழுகிப்போன ப்ரீதர் ஹோஸ்கள் முழுவதும் புதிது. இவை எல்லாம் சேர்ந்து கால் பங்குகூட வராது. என் இன்ஜினைக் கொன்றது இந்தக் கால் பங்குதான்.

பெட்ரோலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டிய நிலைமை வந்துவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில். அதற்கேற்ற ரப்பர், சீல் எல்லாம் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில்தான். 2005 வண்டியின் ஹோஸ்களுக்கு அது அந்நியம். ஆக்டேன் அளவு கூடியது டர்போவுக்கு நல்லதே, நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) குறையும். ஆனால் கலவைக்கு அதிக எரிபொருள் வேண்டியிருக்கும், இசியூ அதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். மாட்டியபின் மாற்றுவதென்றால் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றவேண்டும்.

யாருக்கு எது என்று கேட்டால்: போர் 0.08-க்குள் இருந்து, கிராங்க் பேரிங்கையும் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கும் மெக்கானிக் கிடைத்தால், ரிங் வேலை. பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ ராட் வெளியே வந்து சுவரை உடைத்திருந்தாலோ மட்டும் ஓடின இன்ஜின், அதுவும் பில்லோடு, சம்ப்பைத் திறந்து காட்டினால். வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் முழு வேலை வேண்டாம். போட்ட காசில் பாதிகூடத் திரும்ப வராது. வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தான் ரீபோர். டிஎஸ்ஐ பற்றிச் சொல்லிவிட்டேன்.

பிஸ்டன் பெட்டி போன வாரம் வந்தது. அண்ணன் நான்கையும் மேஜையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தார். ஒன்றுக்கொன்று மைக்ரான் கணக்கில்தான் வித்தியாசம். அதற்கும் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் மார்க்கரில் எண் போட்டார், எது எந்தச் சிலிண்டருக்கு என்று. இருப்பதில் பெரியதை மூன்றாவதற்கு வைத்தார். ஏன் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதாங் போர் போடறேன். இருந்தாலும் அது அடிபட்ட சிலிண்டருங்" என்றார்.